கைப்பையில் மஞ்சள் ஸ்வெட்டர்

…பெரிய பெட்டியிலேயே போட்டிருக்கலாம், போட்டுவிட்டுக் கையை வீசிக்கொண்டு நின்றிருக்கலாம், என் அறைத்தோழி லோசா அப்படித்தான் சொன்னாள், எல்லாத்தையும் பெட்டிக்குள்ள தள்ளுடி, கையில போனும் பாஸ்போர்ட்டும் இருந்தா போதும், ஏறி உட்கார்ந்து தூங்கு என்று, அவளுக்கென்ன, அவள் டோங்காக்காரி, அவள் ஊருக்குப் போகிற விமானம் பெரியது, அவளும் பெட்டியும் ஒன்றாகப் போய் இறங்குவார்கள், எங்கள் தீவுக்கு, தராவாவுக்குப் போகிற சின்ன விமானத்தைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும், காற்று எதிரில் அடித்தால் எண்ணெய் அதிகம் ஏற்றுவார்கள், எண்ணெய் அதிகமானால் பெட்டிகளை இறக்கிவிடுவார்கள், ஆள் போய்ச் சேர்ந்து அடுத்த விமானம் வரும்வரை அதே சட்டையைத் துவைத்துத் துவைத்துப் போட்டுக்கொண்டு திரிய வேண்டியதுதான், இதையெல்லாம் அவளுக்குச் சொல்லவில்லை, சும்மா சிரித்தேன், நேற்று முழுவதும் அந்த மஞ்சள் ஸ்வெட்டரைப் பெட்டியில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தேன், அவள் கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டே இருந்தாள், கடைசியில், ஒரு ஸ்வெட்டருக்கு இந்தப் பாடா, அது என்ன முட்டையா உடைஞ்சு போறதுக்கு, என்றாள். முட்டை இல்லைதான். ஆனால் பெட்டியில் போட்டால் அது எல்லாருடையதும் ஆகிவிடும் என்று லோசாவுக்கு எப்படிச் சொல்வது? எங்கள் வீட்டில் வெளிநாட்டிலிருந்து வந்தவளின் பெட்டி நடுப்பாயில் திறக்கப்படும், சுற்றி எல்லாரும் இருப்பார்கள், மாமா புகையிலையை எடுப்பார், சித்தப்பா மகன் தூண்டில் நரம்பை எடுப்பான், பக்கத்து வீட்டுக்காரி ஷாம்பூ பாட்டிலைத் தூக்கி முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்ப வைக்க மாட்டாள், யாராவது ஒருத்தி ஸ்வெட்டரை விரித்துப் பிடித்து, இது யாருக்கு, என்பாள். அந்தக் கேள்வி என்னிடம் கேட்கப்படுவதற்கு முன்னால் நான் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அதனால்தான் கைப்பை. கைப்பையை யாரும் திறக்க மாட்டார்கள்.

வரிசை நகரவே இல்லை. விமானம் மாறுகிற ஃபிஜியின் நாண்டி விமான நிலையத்தில் தராவாவுக்கு நிற்கிற வரிசையைத் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுகொள்ளலாம், மற்ற வரிசைகளில் சக்கரம் வைத்த பெட்டிகள் வழுக்கிக்கொண்டு போகும், எங்களுடையதில் டேப் சுற்றிய அட்டைப் பெட்டிகள், அரிசி மூட்டையில் கட்டிய மெத்தை, யாரோ ஒருவர் வலை ஒன்றைக் குழந்தையைப் போலத் தோளில் போட்டிருக்கிறார், எனக்கு முன்னால் நிற்கிறவர் கப்பல்காரர், பெயர் கபுரே என்றார், ஜெர்மன் கப்பலிலிருந்து இறங்கி வருகிறாராம், அவர் கையில் படகு மோட்டாரின் விசிறி ஒன்று செய்தித்தாளில் சுற்றி இருக்கிறது, இதைக் கையில விடுவாங்களா என்று நான் கேட்டதற்கு, விடலைன்னா தலையில கட்டிக்கிட்டுப் பறந்துடுவேன் என்றார். சிரித்தேன். எத்தனை நாளாயிற்று எங்கள் பேச்சில் ஒரு கேலியைக் கேட்டு. ஆஸ்திரேலியாவில், ஸ்டான்தோர்ப்பில் நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் எங்கள் ஊர்ப் பெண்கள் இன்னும் இருவர் இருந்தார்கள், ஒருத்தி திருமணமாகிப் போனாள், இன்னொருத்தி வேறு ஊருக்கு மாறிவிட்டாள், பிறகு எனக்கு நானேதான் எங்கள் மொழியில் பேசிக்கொண்டேன், கட்டில் விரிப்பு மாற்றும்போது, ஹாலெட் தாத்தாவுக்குக் கஞ்சி ஊட்டும்போது. அவர் பெரும்பாலும் வேண்டாம் என்பார். கஞ்சி வேண்டாம், ஜன்னல் திறக்க வேண்டாம், இந்தக் காலுறை வேண்டாம், விடியற்காலையிலிருந்து அவர் வாயில் அந்த ஒரே சொல், முதல் மாதம் எனக்கு முகம் சிவந்து போகும், என்ன தப்புச் செய்தேன் என்று சமையலறையில் போய் நிற்பேன், பிறகு பார்த்தால் அங்கே எல்லாருமே அப்படித்தான், வேண்டாம் என்பார்கள், முடியாது என்பார்கள், சொல்லிவிட்டு அதே மூச்சில் வானிலையைப் பற்றிப் பேசுவார்கள், கேட்டவரும் போய்த் தேநீர் போடுவார், ஒன்றும் ஆகாது. ஒன்றுமே ஆகாது. அந்த ஊர்க் குளிரைவிட எனக்கு அதுதான் பழகக் கடினமாக இருந்தது.

குளிர்... ஜூலையில் புல்லின்மேல் வெள்ளையாகப் படிந்திருக்கும், மிதித்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம், ரூத்தா அதைப் பார்த்தால் என்ன செய்வாள், செருப்பைக் கழற்றிவிட்டு மிதிப்பாள், எனக்குத் தெரியும்... எனக்குத் தெரியுமா? நான் பெற்ற பிள்ளை, அவளை நான்கு வயதில் விட்டுவிட்டு வந்தேன், இப்போது ஏழு முடிந்துவிட்டது, நான்கு வயது ரூத்தா செருப்பைக் கழற்றுவாள், ஏழு வயது ரூத்தா எப்படி என்று போனில் தெரிகிற முகத்தை வைத்து என்ன சொல்ல முடியும், போன மாதம் கதவுப் பக்கத்தில் நிற்கச் சொன்னேன், நிலையில் எதுவரைக்கும் வருகிறாள் என்று பார்க்க, எதுக்கு அரோய்தா என்று கேட்டாள், சும்மாதான் என்றேன், என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள், என் அக்கா மீரேயைத்தான் அம்மா என்பாள், சிக்னல் போய்ப் போய் வந்தது, தாழ்ப்பாளுக்குக் கொஞ்சம் மேலே அவள் தலை இருந்ததாக ஞாபகம், அந்தத் தாழ்ப்பாளை நினைத்துக்கொண்டு கடையில் ஸ்வெட்டரை என் இடுப்போடு வைத்து அளந்து வாங்கினேன், அடர்ந்த மஞ்சள், முன்னால் மரப்பொத்தான்கள், அதோடு கம்பளிக் காலுறை, மூடிய காலணி, நீண்ட காற்சட்டை இரண்டு, காது மூடுகிற தொப்பி, முதுகில் மாட்டுகிற பள்ளிப்பை. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற ஊருக்குக் காது மூடுகிற தொப்பி வாங்கிப் போகிற முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். மேலாளர் அம்மா சொன்னார், உன் ஒப்பந்தம் நீண்டதாயிற்றே, இனிமேல் குழந்தையைக் கூட்டி வந்து வைத்துக்கொள்ளலாம், விண்ணப்பம் போட நான் உதவுகிறேன், உனக்குக் குழந்தை இருக்கிறதல்லவா, என்று. இருக்கிறது என்றேன். சட்டென்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு அன்று முழுவதும் ஏதோ திருடியவளைப் போல நடந்தேன்.

இருக்கிறதா?

அன்றைக்கு மழை, தகரக் கூரையில் அடித்துக்கொண்டிருந்தது, நான் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்ப ஒரு வாரம் இருந்தது, மீரே வீட்டில் எல்லாரும் சாப்பிட்டு முடித்திருந்தோம், அம்மா இருந்தாள், மாமா இருந்தார், ரூத்தா ஒரு துறவி நண்டைத் துரத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போயிருந்தாள், மீரே தட்டுகளை அடுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், அரோய்தா, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும், புபுஸி, என்றாள். புபுஸி என்ற சொல் காதில் விழுந்ததும் எங்கள் ஆட்களுக்கு உடம்பு ஒருமுறை நிமிரும். அந்தச் சொல்லைச் சொல்லி ஒருவர் கேட்டுவிட்டால் கொடுத்துவிட வேண்டும், போட்டிருக்கிற சட்டையாக இருந்தாலும், நேற்று வாங்கிய சைக்கிளாக இருந்தாலும், இல்லை என்று சொன்னவர்களைப் பற்றி நான் கதையாகக்கூடக் கேட்டதில்லை, சொன்னால் என்ன ஆகும் என்றும் யாரும் சொல்லித் தந்ததில்லை. ரூத்தாவை எனக்குக் குடு, என்றாள் மீரே. அவளுக்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போயிருந்தன. ரூத்தாவின் அப்பா கப்பலேறிப் போனவன் திரும்பி என்னிடம் வரவில்லை. நான் எப்படியும் ரூத்தாவை அவளிடம்தான் விட்டுவிட்டுப் போயிருப்பேன், அதுதான் எனக்கு இன்று வரைக்கும் ஆறவில்லை, பார்த்துக்கொள் என்று சொல்லி விட்டுப் போயிருந்தால் வந்து கூட்டிப் போயிருக்கலாம், ஆனால் அவள் கேட்டுவிட்டாள், கேட்டுவிட்டால் அது வேறு, பெயரும் படுக்கையும் அம்மா என்ற சொல்லும் மாறிவிடும், நான் என்ன சொன்னேன், சரி என்றேன், உப்பைக் கேட்டால் எடுத்து நீட்டுவோமே அப்படி, யோசிக்க ஒரு மூச்சு எடுத்தேனா என்றுகூட ஞாபகம் இல்லை, மீரே அழுதாள், அம்மா அழுதாள், நான் அழாமல் மேசைக்கு அடியில் குனிந்து, நண்டு கிடைச்சுதா, என்று கேட்டேன்.

அதே சொல்லைத்தான் நானும் சொல்லப் போகிறேன். மீரே, புபுஸி, ரூத்தாவைத் திருப்பிக் குடு. மூன்று வருடமாக அதைத்தான் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அவள் எந்தக் கயிற்றால் இழுத்தாளோ அதே கயிறு. கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும், அவளுக்கு மட்டும் வேறு சட்டமா? நாளைக் காலை, எல்லாரும் வருவதற்கு முன், முதலில் பெட்டியைத் திறந்து அவளுக்கு வாங்கியதையெல்லாம் எடுத்துக் கொடுக்க வேண்டும், பூப்போட்ட படுக்கை விரிப்பு, அடி கனமான இரண்டு சட்டி, முழங்கால் வலிக்குத் தைலம், சூரிய ஒளியில் எரிகிற விளக்கு, அவள் விரிப்பை முகத்தோடு வைத்துப் பார்ப்பாள், அந்த நேரத்தில்... சீ. எவ்வளவு கணக்குப் போடுகிறேன். பெரிய பெட்டி கொடுப்பதற்கு, கைப்பை எடுப்பதற்கு. இப்படி ஒருத்தி மூட்டை கட்டுவாளா?

முன்னால் ஏதோ சலசலப்பு. கவுண்ட்டரில் இருந்த ஃபிஜிப் பெண் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றாள், காதில் சிவப்புப் பூ வைத்திருந்தாள், கையைத் தட்டினாள், எல்லாரும் கேளுங்க, இன்னைக்குக் காற்று எதிர்ல, எல்லாப் பெட்டியும் உங்களோட வராது, மீதி அடுத்த விமானத்துல வரும், திங்கட்கிழமை, பெட்டியில அவசரமா ஏதாவது இருந்தா இப்பவே எடுத்துக் கைப்பையில வெச்சுக்கோங்க, ஆனா கைப்பை ஏழு கிலோதான், நான் எடை போடுவேன், கோவிச்சுக்காதீங்க, என்றாள். வரிசை முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் உட்கார்ந்தது. ஜிப்புகள் திறக்கிற சத்தம். கபுரே விசிறியை என்னிடம் கொடுத்துவிட்டுத் தன் பையைக் கவிழ்த்தார், தங்கச்சி, திங்கட்கிழமை வரைக்கும் எது அவசரம், துணியா, புகையிலையா, என்று கேட்டார், உங்க மனைவியைக் கேளுங்க என்றேன், அவளைக் கேட்டா நான்தான் திங்கட்கிழமை வரணும்பா, பெட்டி முதல்ல வரட்டும்பா, என்றார். நானும் என் சிவப்புப் பெட்டியைத் திறந்தேன். மேலேயே விரிப்பு இருந்தது. விரிப்பையும் தைலத்தையும் எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டால் மீரே முன்னால் வெறுங்கையோடு நிற்க வேண்டாம். ஆனால் கைப்பை நிறைந்திருக்கிறது, எதையாவது எடுத்தால்தான் இதை வைக்கலாம், ஸ்வெட்டரை எடுத்துப் பெட்டியில் போட்டால் இடம் வரும், ஸ்வெட்டருக்கு என்ன அவசரம், திங்கட்கிழமை வந்தால் ஆகாதா, தராவாவில் யார் குளிரில் நடுங்கப் போகிறார்கள்... கையை வைத்தேன், ஸ்வெட்டரின் கழுத்தைப் பிடித்துவிட்டேன், விமான நிலையத்தின் குளிரில் அது கைக்கு இதமாக, உயிருள்ளதைப் போல இருந்தது, யாரோ ஏற்கெனவே போட்டுக் கழற்றியதைப் போல, விட்டுவிட்டேன். விரிப்பைத் திரும்பப் பெட்டியில் அமுக்கி மூடினேன். மூடும்போதே தெரிந்தது தப்பு என்று. மீரேக்கு விரிப்புதான் முதலில் போயிருக்க வேண்டும்.

அப்போதுதான் அந்த அம்மாள் வந்தார். வரிசையின் கடைசியிலிருந்து ஒவ்வொருவராக நின்று நின்று வந்துகொண்டிருந்தார், பருத்த உடம்பு, ஐம்பதுக்கு மேல் இருக்கும், கையில் நீலத் துணிக் கட்டுகள், ஒவ்வொருவரிடமும் ஒரு கட்டைக் கொடுத்துவிட்டு நகர்ந்தார், வாங்கியவர்கள் தங்கள் பையிலிருந்து எதையாவது எடுத்துப் பெட்டிக்குள் தள்ளிவிட்டு அந்தக் கட்டைப் பையில் வைத்தார்கள், ஒரு கிழவர் தன் மருந்து டப்பாக்களை எடுத்துச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு துணிக்கு இடம் பண்ணினார், கைக்குழந்தைக்காரி பால் மாவு டின்னை எடுத்துப் பெட்டியில் போட்டாள், அடக் கடவுளே, குழந்தைக்கு என்ன கொடுப்பாள், ஆனால் அவள் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை, ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பெண்கள் ஆட்டமாம், அத்தனை பேருக்கும் தோளில் சுருக்கு வைத்த மேல்சட்டை தைக்க வேண்டுமாம், துணி திங்கட்கிழமை வந்தால் எதற்கு? கபுரேவிடம் வந்தார், தம்பி, ஒரு கட்டு, புபுஸி, என்றார், அக்கா நீங்க கேட்டா கப்பலையே குடுப்பேன், இது துணிதானே, என்று அவர் இரண்டு மாட்டிறைச்சி டின்னை எடுத்து வெளியே வைத்தார். பிறகு அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். தலை முதல் கால் வரை. எங்கள் ஆட்கள் பெயரைக் கேட்பதற்கு முன் தீவைத்தான் கேட்பார்கள்.

"நீ எந்தத் தீவு, பொண்ணே?"

"அபயாங். இப்ப வீடு தராவாவுல, பிகெனிபேயுல."

"பிகெனிபேயுல யார் வீடு?"

"மீரே வீடு. நான் அவ தங்கச்சி."

"அட, மீரேயோட தங்கச்சியா நீ! ஆஸ்திரேலியாவுல இருக்குறவ! நான் தெபோரா, உங்க அக்கா எங்க ஆட்டக் குழுவுலதான் இருக்கா. நல்லதாப் போச்சு, இது சின்னப் பிள்ளைங்க சட்டைக்கான கட்டு, நீயே எடுத்துக்கோ. அவ பொண்ணு ரூத்தா முன்வரிசையில ஆடுறாளே, தெரியுமா? என்னமா கண்ணை உருட்டுறா! அப்படியே மீரே."

அவ பொண்ணு. அப்படியே மீரே. அந்த அம்மாள் மீது ஒரு தப்பும் இல்லை, ஊரே அப்படித்தான் சொல்லும், சொல்ல வேண்டும், நான்தான் சரி என்றேனே. கண்ணை உருட்டுவது என் அப்பா. அப்பா மீன் விற்கிறவளிடம் பேரம் பேசும்போது அப்படி உருட்டுவார், நானும் உருட்டுவேன் என்பார்கள், மீரேக்கு அது வராது, மீரேயின் கண் அம்மாவுடையது, அமைதியான கண், முன்வரிசையா, போனில் ஒரு நாளும் சொல்லவில்லையே ரூத்தா, என்ன கொண்டு வருவே என்று மட்டும் கேட்டாள், நகப்பூச்சு வேண்டும் என்றாள், அது பெரிய பெட்டியில் இருக்கிறது, நகப்பூச்சு பெட்டியில், ஸ்வெட்டர் கையில், அவள் கேட்டது பெட்டியில், அவள் கேட்காதது கையில்... தெபோரா அக்கா கட்டை நீட்டிக்கொண்டிருந்தார். தங்கச்சி, புபுஸி, என்றார். சிரித்தபடிதான் சொன்னார், கேட்பது வெறும் சடங்கு, என் கை தானாக நீண்டிருக்க வேண்டும். ஏழு கிலோ ஆகிவிட்டது என்று சொல்லியிருக்கலாம், அது மறுப்பு ஆகாது, தராசின் மேல் பழியைப் போடுவது, எல்லாரும் ஒத்துக்கொள்வார்கள். அதைக்கூட நான் சொல்லவில்லை.

"இல்லக்கா. என்னால எடுத்துக்க முடியாது."

யார் குரல் அது? எனக்கே தெரியவில்லை. கஞ்சியை ஒதுக்கித் தள்ளுகிற ஹாலெட் தாத்தாவின் குரல்போல இருந்தது, அதே தட்டையான, கோபமில்லாத குரல். கபுரே டின்னைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டார். பின்னால் பால் மாவுக்காரி என்னைப் பார்த்தாள், உடனே வேறு பக்கம் பார்த்தாள், சபையில் யாருடைய உடையாவது அவிழ்ந்து விழுந்துவிட்டால் பார்க்காததுபோலத் திரும்பிக்கொள்வோமே, அப்படி. என் காதெல்லாம் சூடாகிவிட்டது, இப்போது ஏதாவது ஆகும் என்று காத்திருந்தேன், அந்த அம்மாள் அழுவார், திட்டுவார், என் அம்மாவின் பெயரைச் சொல்லி ஏதாவது சொல்வார்... தெபோரா அக்கா கட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டார். சரி, என்றார். பிறகு அந்தக் கட்டைப் பிரித்து, வரிசையின் நடுவில் நின்றபடி, நீலத் துணியைத் தன் இடுப்பைச் சுற்றிச் சுற்றத் தொடங்கினார், சுற்றிச் சுற்றி, வயிற்றுக்கு மேலே வரைக்கும், அதற்கு மேல் தன் தொளதொளச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார், கபுரேதான் முதலில் வாயைத் திறந்தார், அக்கா, எத்தனையாவது மாசம், பிளேன்ல ஏற டாக்டர் சீட்டு கேப்பாங்க, என்று, டாக்டர் என்னடா டாக்டர், அப்பன் யாருன்னுதான் முதல்ல கேப்பாங்க, உன் பேரைச் சொல்லிடுறேன், என்றார் அவர், வரிசையே சிரித்தது, கவுண்ட்டர் பெண்கூடச் சிரித்தாள், உடம்பில் கட்டியதை அவள் எடை போடவில்லை. நானும் சிரித்தேன், சிரிப்பு வரவில்லை, பல்லைக் காட்டினேன்.

அவ்வளவுதானா?

அவ்வளவுதான். சிவப்புப் பெட்டியைத் தராசில் தூக்கி வைத்தேன், கைப்பையை எடை போட்டார்கள், சரியாக இருந்தது, அட்டை கொடுத்தார்கள், காத்திருக்கிற கூடத்தில் யாரோ எனக்கு ஒரு பிஸ்கட் நீட்டினார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. துணியும் போய்ச் சேரும். ஒரு மூச்சில் சொல்லக்கூடிய சொல், இரண்டு மூச்சுக்கூட இல்லை, மழை பெய்த அந்த மாலையில் அது எங்கே போயிருந்தது, என் வாயில்தான் இருந்திருக்கும், நாக்குக்கு அடியில், மேசைக்கு அடியில் நண்டோடு, மீரே நான் பார்த்துக்கச் சொல்லித்தான் விட்டுட்டுப் போறேன், குடுக்க முடியாது, என்று சொல்லியிருந்தால் மீரே அழுதிருப்பாள், தட்டுகளைக் கழுவப் போயிருப்பாள், மறுநாள் காலை ரொட்டி சுட்டிருப்பாள், ரூத்தாவை அப்படியேதான் வளர்த்திருப்பாள், இதே முன்வரிசையில் நிறுத்தியிருப்பாள், என் பெண்ணாக. சொல்லியிருக்கலாம். சொல்ல முடிந்திருக்கிறது. முடியாது என்று நான் நம்பிக்கொண்டிருந்த வரைக்கும் அது விதிபோல இருந்தது, கடல் அரித்துக்கொண்டு போன நிலத்தைப் பற்றிப் பேசுவதுபோல அதைப் பற்றி எனக்குள் பேசிக்கொண்டிருந்தேன், யார் மேலும் கோபம் இல்லாமல். இப்போது? ஒரு கட்டுத் துணிக்குச் சொன்னதை ஒரு பெண்பிள்ளைக்குச் சொல்லவில்லை நான்.

விமானத்தில் தெபோரா அக்காவுக்கு என் பக்கத்து இருக்கைதான் கிடைத்திருந்தது. பெல்ட் அவர் வயிற்றைச் சுற்றி எட்டவில்லை, பணிப்பெண் கூடுதல் பட்டை கொண்டுவந்து மாட்டினாள், நீலத் துணி சட்டைக்கு அடியில் எட்டிப் பார்த்தது, அவள் கண்டும் காணாததுபோலப் போனாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கீழே வண்டியில் பெட்டிகள் அடுக்கி இருந்தன, வலை இருந்தது, மெத்தை இருந்தது, என் சிவப்புப் பெட்டி இருந்தது, கைப்பிடியில் நான் கட்டிய பூத்துணி காற்றில் ஆடியது, ஒருவன் வந்தான், வண்டியை விமானத்தின் பக்கமாகத் தள்ளுவான் என்று பார்த்தேன், எதிர்ப்பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனான். விரிப்பு, சட்டி, தைலம், விளக்கு, நகப்பூச்சு. கொடுப்பதற்கென்று கொண்டுவந்தது அத்தனையும் போய்க்கொண்டிருந்தது. என் மடியில் கைப்பை இருந்தது. இறங்கியதும் மீரே வீட்டு வாசலில் இதை மட்டும்தான் வைத்துக்கொண்டு நிற்பேன்.

"அதைக் கீழ வைம்மா, கால்கிட்ட," என்றார் தெபோரா அக்கா. கோபமே இல்லாத குரல். "அப்படி என்ன இருக்கு அதுல, கையை விட்டு எடுக்காம?"

"ஒரு ஸ்வெட்டர்."

"ஸ்வெட்டரா? தராவாவுலயா?" பெரிதாகச் சிரிக்க ஆரம்பித்தார், வயிற்றுத் துணி குலுங்கியது. "யாருக்குடி, மீனுக்கா?" சிரித்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு மெல்ல நின்றது. பையின் ஜிப் முழுதாக மூடவில்லை, மஞ்சள் கை ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, எவ்வளவு சின்னக் கை என்பது யாருக்கும் தெரியும்.

"ரூத்தாவுக்கா?"

விமானம் அசைந்தது.

"மீரேகிட்ட கேட்டுட்டியா?"

"இன்னும் இல்ல. போய்த்தான்."

அவர் என் முழங்காலில் கையை வைத்தார், கனமான, வெதுவெதுப்பான கை. "கவலைப்படாத. நீ பெத்தவ. புபுஸி கேட்டா குடுத்துடுவா, அவ எப்படி உன்கிட்ட இல்லன்னு..." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திக்கொண்டார். இன்னொரு கை தன் வயிற்றைச் சுற்றியிருந்த நீலத் துணியைத் தடவிக்கொண்டிருந்தது. அதை அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். முழங்காலிலிருந்து கையை எடுத்து, எதிர் இருக்கையின் பையிலிருந்த காகிதத்தை உருவி, படங்களைப் பார்க்கத் தொடங்கினார்.

மாலைக்குள் பிகெனிபேயு முழுவதும் தெரிந்துவிடும். சொல்ல வேண்டும் என்று அவர் சொல்ல மாட்டார், சிரிப்பதற்காகச் சொல்வார், எத்தனையாவது மாசம் என்று கபுரே கேட்டதைச் சொல்வார், அதைச் சொல்ல வேண்டுமென்றால் துணியை ஏன் சுற்றினார் என்று முதலில் சொல்ல வேண்டும், யாரு, மீரேயோட தங்கச்சியா, இல்லைன்னா சொன்னா, என்று கேட்பார்கள், மீரேயும் அங்கே உட்கார்ந்திருப்பாள், சட்டைக்குச் சுருக்கு வைத்துக்கொண்டு, அம்மாவின் அமைதியான கண்களோடு, அப்படிச் சொல்லலாமா என்று யோசித்துப் பார்ப்பாள், சொல்லலாம்போல இருக்கிறதே என்று... விமானத்தின் ஓட்டம் வேகமெடுத்தது, பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன், வெளியே நீட்டியிருந்த அந்த மஞ்சள் கையை உள்ளே மடித்து விட்டேன், தாழ்ப்பாளுக்கு மேலேயா கீழேயா, அவள் தலை எங்கே இருந்தது, மேலே என்றுதான் நினைக்கிறேன், சிறியதாக இருந்துவிட்டால்... எல்லாவற்றையும் எடை போட்டார்கள், பெட்டியை, பையை, விசிறியை, நான் கையோடு ஏற்றி வந்த, முடியாது என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் யாரும் எடை போடவில்லை, இப்போது அது நான் கேட்பதற்கு முன்னால் மீரேயிடம் போய் இறங்கும்.